செல்ஃப் அடிக்குது, கரண்ட் வரல: பத்மினியோடு பதினோரு நாள்

செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டே முக்காலுக்கு வண்டி ஸ்டார்ட் ஆனது. பதினோரு நாளாக செல்ஃப் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த வண்டி. நோட்டில் கிறுக்கி வைத்த அளவுகளும் கடை பில்களும் தொலைந்து போவதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். பிளாட்டினம் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு அறுத்துப் பொறி வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்) உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். அடுத்த மழைக்காலம் முடியும்போது எனக்கே தேவைப்படும்.

வண்டி 1994 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். நாங்கள் இருப்பது மும்பை செம்பூர் சேடா நகரில். வண்டி பிறந்தது பக்கத்திலேயே, குர்லா தொழிற்சாலையில். அப்பா புதிதாக வாங்கியது. அவருக்கு இப்போது ஓட்ட முடியாது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முன் சீட்டில் உட்கார்ந்து மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய்வந்தால்தான் அந்த வாரம் அவருக்கு முடிந்த மாதிரி இருக்கும்.

ஜூன் இரண்டாவது வாரம் மழை பிடித்ததும் நீலத் தார்ப்பாயைப் போர்த்தி நிறுத்திவிட்டேன். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை எடுத்தேன். மூன்று மாதத்துக்கும் மேல் கைபடாத வண்டி.

முதல் நாள்

பேட்டரியை முந்தின இரவே சார்ஜரில் போட்டிருந்தேன். காலையில் 12.6 வோல்ட் காட்டியது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சுற்றும்போதும் 10.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் எஞ்சின் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்தேன். பெட்ரோல் மெல்லிய நூலாகப் பீய்ச்சியது. அப்போ பெட்ரோல் பிரச்சினை இல்லை.

ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி அதன் வயரிலேயே மாட்டினேன். பிளக்கின் இரும்பு உடம்பு எஞ்சின் மேல் நன்றாகப் படும்படி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்தேன். ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும், பக்கத்தில் பொறி பறந்தால் தீப்பிடிக்கும். அதனால் இந்தத் தள்ளி வைக்கும் விஷயத்தில் அலட்சியம் கூடாது. அக்கா மகன் சாவியைத் திருப்பினான். பிளக்கில் ஒன்றுமில்லை. நாலு பிளக்கும் பார்த்தாயிற்று, நாலிலும் இல்லை.

“மாமா, தண்ணி இறங்கியிருக்குமோ?” என்று அவன் கேட்டதும் அது சரியென்று பட்டது. மும்பை மழையில் மூன்று மாதம் நின்ற வண்டி. நாலு பிளக்குக்கும் முறை வைத்துக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்றினால் உள்ளே லேசாக வேர்த்த மாதிரி இருந்தது. மாடியிலிருந்து அக்காவின் ஹேர் டிரையரை வாங்கி வந்து, எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, கேப், வயர்கள், பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரமாக ஏற்றும் காயிலின் கழுத்து என்று நாற்பது நிமிடம் காய்ச்சினேன். கரண்ட் வரவில்லை.

அந்த நிமிடத்தில் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு அளவு. இக்னிஷனை ஆன் செய்து, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் காயிலின் மைனஸ் முனையில் எத்தனை வோல்ட் என்று பார்த்திருக்க வேண்டும். லாமிங்டன் ரோட்டில் 650 ரூபாய்க்கு வாங்கிய மல்டிமீட்டர் என் காலடியில் இருந்த பெட்டிக்குள்தான் இருந்தது. பேட்டரியை அளந்துவிட்டு அதை மூடி வைத்துவிட்டேன். அளக்காமல் கடைக்குப் போனேன். தெரிந்த ஸ்பேர் கடை ஒன்றில் பத்மினிக்கான பாயிண்ட் செட் 220, பாயிண்ட் தீயாமல் காக்கும் கண்டென்சர் 110, கேப்புக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக் வயருக்கும் கரண்ட் கொடுக்கும் ரோட்டர் 140. மூன்றும் சேர்ந்து 470 ரூபாய்.

இரண்டாம் நாள்

ஞாயிறு காலை மூன்றையும் ஒன்றாகவே மாட்டினேன். இந்தப் பதிவிலேயே பெரிய தவறு இதுதான். பதினோரு நாள் இழுத்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

பாயிண்ட் இடைவெளி வைக்கும் வேலை எனக்குப் பிடித்த வேலை. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். நாலாவது கியரில் போட்டு, வாட்ச்மேனைப் பின்னாலிருந்து அங்குலம் அங்குலமாகத் தள்ளச் சொன்னேன். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் நடுவில் இருக்கும் நாலு முனைக் கேம், பாயிண்ட்டின் குதிகாலை முழுசாகத் தள்ளித் திறக்கும் இடம் வந்ததும் “போதும்” என்று நிறுத்தினேன். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 15 தௌ தகடு (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மி.மீ. என் வண்டியில் இருக்கும் லூகாஸ் வகைக்கு 14லிருந்து 16 தௌ வரை இருக்கலாம். தகடு உள்ளே போகும்போது வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிப் போனால் இடைவெளி அதிகம். தகடு வளைந்தால் குறைவு. இரண்டு பக்கமும் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். ஸ்குருவை இறுக்கும்போது அளவு எப்போதும் ஒரு தௌ நகர்ந்துவிடும், அதனால் இறுக்கியபின் மறுபடியும் அளக்க வேண்டும். கேமில் அரிசி மணி அளவு கிரீஸ் வைத்தேன். அதிகம் வைத்தால் தெறித்து பாயிண்ட்டில் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் மாட்டி சாவியைத் திருப்பினால், அதே கதை. பிளக்கில் ஒன்றுமில்லை. இக்னிஷனை ஆனிலேயே விட்டுவிட்டு வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகக் காயில் மேல் கை பட்டது. தேநீர் கிளாஸ் மாதிரி சுட்டது. அதை நோட்டில் குறித்தேன், ஆனால் அது சொல்லும் செய்தியைப் படிக்கவில்லை. முந்தின நாள் அத்தனை நேரம் இக்னிஷன் ஆனில் இருந்தும் காயில் சில்லென்றுதான் இருந்தது. இன்று சுடுகிறதென்றால் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை என்று அர்த்தம். பழுதே மாறிவிட்டது. ஆனால் நான் அதே பழுது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை

ஆபீஸிலிருந்து வந்தபின் ஏழிலிருந்து ஒன்பது வரைதான் நேரம். திங்கள் மாலை மீட்டரை எடுத்தேன். காயிலின் பிளஸில் 12.1 வோல்ட், சரி. காயிலைத் தனியாகக் கழற்றி அளந்தேன்: பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையில் 3.2 ஓம், மைனஸுக்கும் நடு ஓட்டைக்கும் இடையில் ஏழாயிரம் ஓம் சொச்சம். காயில் நன்றாக இருக்கிறது. புதுக் காயில் வாங்கக் கை அரித்தது, நல்லவேளை அளந்தேன்.

செவ்வாய் மாலை டெஸ்ட் லாம்ப் செய்தேன். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இரண்டு மீட்டர் வயர், இரண்டு முதலைக் கிளிப். ஒரு கிளிப்பைக் காயில் மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் மாட்டி செல்ஃப் அடிக்க வேண்டும். பாயிண்ட் மூடும்போது பல்பு அணைய வேண்டும், திறக்கும்போது எரிய வேண்டும். செல்ஃப் சுற்றச் சுற்றக் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடியும் ஒட்டவில்லை, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால், பிளஸில் கரண்ட் இருக்கும்பட்சத்தில், எங்கோ இரும்போடு நேராக உரசி எர்த் ஆகிறது. பத்மினியின் பாதிப் பழுதை இந்த ஒரு பல்பு சொல்லிவிடும். மீட்டரைவிட எனக்கு இதுதான் பிடிக்கிறது, ஏனென்றால் சாவியிடம் உட்கார்ந்திருப்பவரும் பார்க்கலாம்.

என் பல்பு எரியவே இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் வயரைக் காயில் மைனஸிலிருந்து கழற்றினேன். பல்பு எரிந்தது. மறுபடி மாட்டினால் அணைகிறது. ஆக எர்த் ஆவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள். புதன் மாலை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பாயிண்ட் செட்டைக் கழற்றினேன். பாயிண்ட்டின் வில்லும், கண்டென்சர் வயரும், காயிலிலிருந்து வரும் வயரும் ஒரே முளையில் வந்து சேரும் இடம் அது. அந்த முளை இரும்புத் தட்டோடு சேர்ந்தது, அதாவது எர்த். மூன்று முனையும் ஒன்றையொன்று தொட வேண்டும், முளையை மட்டும் தொடக் கூடாது. அதற்காக ஒரு நைலான் புஷ் உண்டு. சின்னத் தொப்பி மாதிரி இருக்கும், உளுத்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டு வயரின் வளையமும் அந்தத் தொப்பியின் விளிம்புக்குக் கீழே வர வேண்டும். நான் ஒரு வளையத்தை விளிம்புக்கு மேலே, நட்டுக்கு அடியில் வைத்து இறுக்கியிருக்கிறேன். நட்டு வழியாக முளைக்கு, முளை வழியாக எர்த்துக்கு. பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

வரிசையை மாற்றி மாட்டினேன். இடைவெளியை மறுபடி 15 தௌ வைத்தேன். செல்ஃப் அடித்தால் பல்பு கண்சிமிட்டுகிறது! காயிலின் நடு வயரைக் கேப்பிலிருந்து உருவி, ரப்பர் கையுறை போட்டு, எஞ்சின் இரும்பிலிருந்து ஆறு ஏழு மி.மீ. தள்ளிப் பிடித்தேன். டப், டப், டப் என்று நீலப் பொறி. சத்தமே ஆரோக்கியமாக இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நடு வயரைக் கேப்பில் செருகி, பிளக் எல்லாம் மாட்டி, சோக் இழுத்து, செல்ஃப் அடித்தேன்.

ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலில் நனைந்திருக்கிறது, பொறி இல்லை. காயிலிலிருந்து வருகிறது, பிளக்குக்குப் போய்ச் சேரவில்லை.

எட்டாம் நாள், குர்லா

காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் சாமான்தான். கேப்பின் நடுவில் வில் வைத்த கார்பன் துண்டு, ரோட்டர், கேப்பின் நாலு முனை, நாலு வயர். ரோட்டர் புதுசு என்பதால் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. கார்பன் துண்டு விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருகிறது, நன்றாக இருந்தது. மிச்சம் கேப்பும் வயரும். கேப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு முனைகளுக்கு நடுவே முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. விரிசல் என்று முடிவு கட்டினேன். பிற்பாடு பெட்ரோல் துணியால் துடைத்தபோது அந்தக் கோடு போய்விட்டது, அது தூசி.

சனிக்கிழமை ஹார்பர் லைனில் இரண்டு ஸ்டேஷன் போய் குர்லாவில் இறங்கி, சி.எஸ்.டி. ரோட்டில் நடந்தேன். பழைய வண்டிச் சாமான் என்றால் மும்பைக்காரர்கள் முதலில் சொல்லும் தெரு. கதவு, பானெட், கண்ணாடி, ஸ்டியரிங் என்று பிரித்துப் போட்ட வண்டிகளின் உறுப்புகள் நடைபாதை வரைக்கும் அடுக்கி இருக்கும். ஆனால் பத்மினி என்றதும் நாலு கடையில் தலையாட்டிவிட்டார்கள். டாக்ஸி இருந்த காலத்தில் இந்த நகரத்தில் எந்த மூலையிலும் பத்மினி சாமான் கிடைக்கும். 2023 அக்டோபர் கடைசியில், 2003இல் பதிவான கடைசி பத்மினி டாக்ஸிக்கும் இருபது வருடக் கெடு முடிந்து, தெருவிலிருந்து கறுப்பு மஞ்சள் பத்மினி போனது. அதோடு சாமான் வாங்குகிறவர்களும் போனார்கள், கடைக்காரர்கள் புதிதாக வாங்கி அடுக்குவதை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். கேப் 480, வயர் செட் 550. பேரம் பேச மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் நின்றுகொண்டுதான் யோசித்தேன்: நாலு வயரும் ஒரே நாளில் எப்படிச் சாகும்? ஒன்று செத்தால் எஞ்சின் மூன்றில் ஓடும், நடுங்கிக்கொண்டாவது ஓடும். நாலிலும் கரண்ட் இல்லையென்றால் நாலுக்கும் பொதுவான இடத்தில்தான் பழுது இருக்க வேண்டும். பொதுவானது கேப்பின் நடு முனையும் ரோட்டரும் மட்டுமே. இந்த யோசனை குர்லா போகும் ரயிலில் வந்திருந்தால் 550 ரூபாய் மிச்சம்.

ஞாயிறு புதுக் கேப்பும் புது வயரும் மாட்டினேன். ஒவ்வொரு வயராகக் கழற்றி அதே இடத்துக்குப் புதியதை மாற்ற வேண்டும், மொத்தமாக உருவிவிட்டால் சிலிண்டர்களுக்குப் பொறி போகும் 1-3-4-2 என்ற வரிசை குழம்பிவிடும். நம்பர் எழுதிய இன்சுலேஷன் டேப்பும் ஒட்டி வைத்தேன். கரண்ட் வரவில்லை. நனைந்த பிளக்குகளை வெயிலில் பேப்பர் மேல் பரப்பிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “கழட்டுன பழைய சாமானெல்லாம் எங்கப்பா?” என்றார். குப்பைக்குப் போட வைத்திருந்த பையை எடுத்துக் காட்டினேன். வாங்கி, ரோட்டர், பாயிண்ட், கண்டென்சர், கேப் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கெட் டின்னுக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். “வண்டி ஓடுற வரைக்கும் எதையும் எறியாத.” அவர் சொன்னது அவ்வளவுதான்.

பதினோராம் நாள்

அன்று கிருத்திகை. கிருத்திகை தவறாமல் சேடா நகர் முருகன் கோயிலுக்கு தாராவியிலிருந்து ஒரு அண்ணாச்சி வருவார். நாங்குநேரிப் பக்கம், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். முப்பது வருடத்துக்கு மேல் பத்மினி டாக்ஸி ஓட்டியவர். தரிசனம் முடிந்து விபூதியோடு அப்பாவைப் பார்க்க வந்தவர், பானெட் திறந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

“என்னடே, நோவு என்ன?”

நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். காயில் வயரில் நல்ல பொறி, பிளக்கில் இல்லை, கேப் புதுசு, வயர் புதுசு. அவர் இடையில் பேசவே இல்லை. கடைசியில் ஒரே கேள்வி:

“ரோட்டரு?”

“அதுவும் புதுசுதான் அண்ணாச்சி. போன வாரம் மாத்தினது.”

“புதுசுன்னா நல்லதுன்னு யாரு சொன்னா? கேப்பைக் கழட்டு. லைட்டை அணைக்கச் சொல்லு. ஒரு பக்கட் எடுத்துட்டு வா.” பிளையரை இங்கே எல்லோரும் பக்கட் என்றுதான் சொல்வார்கள்.

கேப்பைக் கழற்றினேன், ரோட்டர் தண்டின் மேல் இருந்தபடியே இருக்கட்டும் என்றார். காயிலின் நடு வயரை, பிடியில் கனமான பிளாஸ்டிக் உறை உள்ள பக்கட்டால் பிடித்து, அதன் நுனியை ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு மேலே மூன்று நாலு மி.மீ. உயரத்தில் நிறுத்தினார். தொடவில்லை. இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அக்கா மகனைப் பார்த்து “அடி” என்றார்.

கட்டடத்தின் அடியில் வண்டி நிறுத்தும் இடம் இருட்டாக இருந்தது. செல்ஃப் சுற்றச் சுற்ற, வயர் நுனியிலிருந்து பித்தளைத் தகட்டுக்கு நீலப் பொறி குதித்துக்கொண்டே இருந்தது. டப், டப், டப். நான் காயில் வயரில் கேட்ட அதே சத்தம்.

“பாத்தியா, எறங்குது. ரோட்டரு நல்லா இருந்தா கரண்டுக்குப் போக வழி கிடையாது, குதிக்கவே குதிக்காது. மொதல்ல ஒரு சின்னப் பொறி வேணா வரும், அதோட நிக்கும். இது நிக்காம குதிக்குன்னா அடியில தண்டுக்கு எறங்கி எர்த் ஆயிட்டு இருக்கு. பொறவு பிளக்குக்கு எங்கடே போவும்?”

ரோட்டரை உருவித் திருப்பி டார்ச் அடித்தோம். பித்தளைத் தகட்டை பேக்லைட்டோடு (கரண்ட் கடத்தாத கெட்டிப் பிளாஸ்டிக்) பிடித்திருக்கும் ரிவெட்டின் நேர் கீழே, தண்டு நுழையும் குழிக்குள், ஊசி குத்திய மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. நகத்தால் சுரண்டினால் கரி வந்தது. ரிவெட்டின் கால் நீளமாக இருந்ததால் அதற்கும் தண்டுக்கும் நடுவில் பேக்லைட் ஒரு மில்லிமீட்டர்கூட இருந்திருக்காது. காயில் அனுப்பும் பல்லாயிரம் வோல்ட்டுக்கு அது காகிதம். காயிலிலிருந்து பொறி வந்த அந்தப் புதன்கிழமை மாலையே ஓட்டை போட்டுக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும்.

அந்த ரோட்டரை அங்கேயே மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். தகட்டுக்கும் குழிக்கும் இடையில் இணைப்பே இல்லை என்று காட்டியது. மீட்டருக்குள் இருப்பது சின்ன பேட்டரி, அதன் வோல்ட்டுக்கு அந்த ஓட்டை தெரியாது. ரோட்டர் விஷயத்தில் மீட்டரை நம்பிப் பயனில்லை, வயர் நுனிச் சோதனை ஒன்றுதான் வழி. இதை நான் ஒரு நாள் மாலை செய்திருந்தால் ஐந்து நிமிடம்.

அப்பா மடியிலிருந்து பிஸ்கெட் டின் வந்தது. பழைய ரோட்டரை பெட்ரோல் துணியால் துடைத்து, தகட்டின் நுனியில் இருந்த கரியை மட்டும் லேசாகச் சுரண்டி, தண்டில் மாட்டினோம். அதே சோதனை. முதல் தடவை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பொறி, அதற்கப்புறம் அமைதி. கேப்பை மாட்டி, காய்ந்த பிளக்குகளை மாட்டி, சோக் இழுக்காமல் செல்ஃப் அடித்தோம். மூன்றாவது தடவையில் பிடித்தது. சைலன்சரிலிருந்து தண்ணீரும் கறுப்புப் புகையும் வந்து, ஒரு நிமிடத்தில் சீரானது. அண்ணாச்சி பானெட்டில் கை வைத்துக் கேட்டுவிட்டு, “ஐடிலை ஒரு சுத்து கொறை” என்றார். கைகழுவி, அப்பாவுக்கு விபூதி பூசிவிட்டு, காப்பி குடித்துக் கிளம்பினார்.

முதலில் என்னதான் பழுது?

இது தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. நைலான் புஷ்ஷும் ரோட்டரும் நானாகக் கொண்டுவந்த பழுதுகள். முதல் சனிக்கிழமை இவை இரண்டுமே கிடையாது. அப்போ ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை?

புதன்கிழமை டின்னிலிருந்து பழைய பாயிண்ட்டை எடுத்தேன். ஒரு முகத்தில் சின்ன மேடு, எதிர் முகத்தில் அதே அளவு பள்ளம். ஓடிய பாயிண்ட்டில் இது சாதாரணம். ஆனால் இரண்டு முகத்திலும் சாம்பல் பூசிய மாதிரி மங்கலான படலம். மூடிய நிலையில் மீட்டரை வைத்தேன். ஓம் கணக்கில் எண்ணே நிற்கவில்லை, லட்சங்களில் ஓடியது. மழை ஈரத்தில் மூன்று மாதம் ஓடாமல் நின்றதில் முகம் பூத்துவிட்டது. 400 நம்பர் எமரி பேப்பரை இரண்டாக மடித்து, மூடிய பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து, பத்து தடவை இழுத்தேன். பிறகு வெள்ளைக் காகிதத்தைப் பெட்ரோலில் நனைத்து, கறுப்பு வராத வரை இழுத்தேன். எமரித் தூள் ஒரு துகள் மிஞ்சினாலும் பாயிண்ட் மறுபடி ஒட்டாது. இப்போது 0.2 ஓம்.

உறுதி செய்துகொள்ளப் பழைய பாயிண்ட், பழைய கண்டென்சர், பழைய கேப், பழைய வயர் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். முதல் அடியிலேயே ஸ்டார்ட். பதினைந்து ரூபாய் எமரி பேப்பரும் பத்து நிமிடமும்தான் அந்த முதல் சனிக்கிழமை தேவைப்பட்டது.

கணக்கு

பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் 470. கேப், வயர் 1,030. ஆக 1,500 ரூபாய்க்குச் சாமான், அதில் ஒன்றுகூட அன்றைக்குத் தேவை இல்லை. ஃபீலர் கேஜ் 180, அது கண்டிப்பாக வேண்டியது. எமரி பேப்பர் 15. டெஸ்ட் லாம்ப் செலவே இல்லை. கேப்பும் வயரும் வீண் என்று நினைக்கவில்லை, இனிக் கிடைக்காது, எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை செய்யப்போவது தெளிவாக இருக்கிறது. கையில் புதுச் சாமான் எடுப்பதற்கு முன் பேட்டரியிலிருந்து பிளக் வரைக்கும் ஒவ்வொரு கட்டமாகக் கரண்ட்டைத் தொடர்ந்து போவேன்: காயில் பிளஸ், காயில் மைனஸில் பல்பு, காயில் வயரில் பொறி, ரோட்டர், அப்புறம்தான் பிளக். எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அங்கே மட்டும் கை வைப்பேன். ஒரு நேரத்தில் ஒரு சாமான், மாற்றியதும் ஸ்டார்ட் செய்து பார்ப்பது. இக்னிஷனை ஆனில் விட்டுவிட்டு யோசிக்கக் கூடாது, பாயிண்ட் மூடிய இடத்தில் எஞ்சின் நின்றிருந்தால் நாலு ஆம்பியர் ஓடிக் காயில் வெந்துவிடும். மழைக்கு நிறுத்தினாலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட விட வேண்டும். தார்ப்பாயும் தரை வரை இழுத்துக் கட்டக் கூடாது, அடியில் காற்றுப் போக வேண்டும். ஈரம் உள்ளேயே தங்கியதற்கு நான் கட்டிய கட்டும் ஒரு காரணம்.

பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும் மாறும், அதனால் டெஸ்ட் லாம்ப்பை வைத்தே அதையும் சரி பார்த்துக்கொண்டேன். புல்லி மேல் உள்ள குறி வந்து சேரும் கணத்தில் பல்பு எரிய வேண்டும். ஒரு மயிரிழை பின்தங்கியிருந்தது, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி இறுக்கினேன். பிளக் இடைவெளி நாலிலும் 25 தௌ.

இன்று மதியம் ஓட்டை விழுந்த ரோட்டரைக் கடைக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். கடைக்காரர் டார்ச் வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தார். குழிக்குள் ரிவெட்டின் அடி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். சாயங்காலம் அதை வண்டியில் மாட்டி, இருட்டில் வயர் நுனியைப் பிடித்துப் பார்த்தேன். குதிக்கவில்லை. கழற்றி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்போடும் எமரி பேப்பரோடும் டேஷ்போர்டு பெட்டியில் வைத்துவிட்டேன். தண்டின் மேல் இருப்பது பழைய ரோட்டர்தான். பாயிண்ட்டை ஆயிரம் கிலோமீட்டரில் திறந்து 15 தௌ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தேதியைக் கேப்பின் மேலேயே டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா.